‘இது எதுக்கு?’ கேட்கும் இனம்

உலகில் ஒரு மனித இனம் உண்டு. அந்த இனத்தார் எந்த நாட்டில் பிறந்தாலும், எந்த மொழி பேசினாலும், ஒரு பொருளைக் கண்டதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இது எதுக்கு?” கேள்விதானே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்கிறீர்களா? அங்கேதான் ஏமாறுகிறீர்கள். அது கேள்வியே அல்ல. தீர்ப்பு. நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பொருள் குப்பைக் கூடையில் கிடக்கும்.

புதுச் சட்டையின் உள்மடிப்பில் தைத்திருக்கும் உபரிப் பொத்தானை முதல் நாளே வெட்டி எறிகிறவர் இந்த இனம். பூட்டுடன் வந்த இரண்டாவது சாவியை உருக்கக் கொடுப்பவர் இந்த இனம். கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டியபின் இரண்டு திருகாணிகள் மிஞ்சினால் நீங்களும் நானும் பயப்படுவோம், இவர்களோ மகிழ்வார்கள். “பாத்தியா, இது ரெண்டும் இல்லாமலே ஓடுது!” ஓடும். வியாழக்கிழமை வரை ஓடும்.

சிக்கனத்துக்குப் பேர் போன எங்கள் ஊர் கப்ரோவோவில் இந்த இனம் செழித்து வளர்கிறது. பூனை நுழைந்ததும் கதவைச் சட்டென்று மூடினால் கணப்புச் சூடு வெளியே போகாது என்று பூனையின் வாலையே நறுக்கியவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வார்கள். நாங்கள் மறுப்பதில்லை. மறுக்கவும் மூச்சு செலவாகுமே.

இப்படிப்பட்ட ஊரிலேயே ஒருவர் “அவன் கொஞ்சம் அதிகம்” என்று பெயர் வாங்கியிருக்கிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்டவராக இருக்க வேண்டும்! அவர்தான் மின்கோ பயுரோவ். வயது ஐம்பத்து நான்கு. நெசவாலையில் மின்பணி பார்த்தவர். இருபது வயதுக் கிழட்டுக் கம்ப்யூட்டரையும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் எழுப்பி நடக்க வைத்துவிடும் என்று எப்போது கேள்விப்பட்டாரோ, அப்போதிலிருந்து ஊரில் குப்பைக்குப் போகவிருந்த முப்பது கம்ப்யூட்டர்கள் மறுபிறவி எடுத்துவிட்டன. பல் மருத்துவரிடம் ஒன்று, தேனீ வளர்ப்போர் சங்கத்தில் ஒன்று, யான்த்ரா ஆற்றங்கரை முடிதிருத்தும் கடையில் ஒன்று. இதற்காக அவருக்கு ஒரு சிலையே வைக்கலாம். இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் வைத்திருப்பார்கள்.

நிறுத்தவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தச் சுண்டு விரல் எதுக்கு?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? மின்கோ அப்படித்தான் வந்தார். தான் எழுப்பிவிட்ட கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் ‘சுத்தம்’ செய்ய வந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொதியாக வந்து இறங்கும். இறக்குவது, ஏற்றுவது, கணக்குப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு நிரல் இருக்கிறது. அதைப் பொதிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக் கேட்க ஒரு பொதி வேண்டுமென்றால் பொதிக்காரன் அதை மட்டும் கொண்டுவர மாட்டான். அது சாய்ந்து நிற்க இன்னொரு பொதி, அது சாய்ந்து நிற்க வேறொன்று என்று வரிசையாக இறக்குவான். எங்கள் ஊர்ப் பெயர் நாள் போலத்தான், அதாவது ஒருவர் தன் பெயருக்குரிய புனிதரின் நாளில் வைக்கும் விருந்து போல. தோதோரின் பெயர் நாள் என்றால் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மச்சான் வருவான், மச்சானின் மனைவி வருவாள், அவள் தம்பி வருவான், தம்பி தன் அக்கார்டியன் வாத்தியத்தோடு வருவான். இதில் ஒருவரை வாசலில் நிறுத்தினால் போதும். அக்கார்டியன் உள்ளே வராது.

இது மின்கோவுக்குத் தெரியாதா? தெரியும். பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கை நமநமவென்று அரிப்பது வேறு.

அவருக்கென்று சில சடங்குகள் உண்டு. யார் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாலும் முதலில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். (கண்ணாடி படிப்பதற்கு, அவர் படிக்கப் போவதில்லை.) பிறகு கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, நாக்கால் ‘சு’க் கொட்டுவார். பத்து சதவீதம் நிரம்பியிருந்தாலும் அதே ‘சு’தான். அப்புறம் இரண்டு விரல்களால் தட்டத் தொடங்குவார். பொதிக்காரன் ஐம்பது வரியில் எச்சரிக்கை எழுதி, கடைசியில் “தொடரலாமா?” என்று பணிவாகக் கேட்கும்போது, மின்கோவின் சுண்டு விரல் ‘ஆம்’ என்பதற்கான எழுத்தின் மேல் ஏற்கெனவே படுத்திருக்கும். தூங்குகிற பூனை மாதிரி.

இப்போது மே மாதத் திருவிழா வாரத்துக்கு வருவோம்.

ஊரின் பின்தெருவில் ஒரு சிறிய பொம்மலாட்ட அரங்கம். அங்கே நெவேனா என்ற பெண் ஆறு ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதிய நாடகங்களுக்குப் பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டுதான் முதன்முறையாக அவளே எழுதி, அவளே பொம்மை செய்த நாடகம் மேடையேறுகிறது. தன் நிழலைத் தொலைத்துவிட்டுத் தேடித் திரியும் ஓநாயின் கதை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு காட்சி. மூன்று பள்ளிகளிலிருந்து நூற்று அறுபது பிள்ளைகள். அந்த ஒரு காட்சி நன்றாக நடந்தால் இலையுதிர் காலப் பட்டியலில் நாடகத்துக்கு இடம்; நடக்காவிட்டால் பழைய ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ நாடகமே மறுபடி வரும் என்று அரங்க இயக்குநர் சொல்லிவிட்டார். நெவேனாவுக்கு அந்தப் பன்றிக்குட்டிகளைப் பிடிக்காது. நான்காயிரம் முறை அவற்றின் வீட்டை ஊதியிருக்கிறாள்.

நிழலைத் தேடும் ஓநாய்க்கு என்ன வேண்டும்? விளக்கு வேண்டும். ஊளையிட ஒலி வேண்டும். இரண்டையும் மேடைக்குப் பின்னால், படியேறிப் போகும் அறையிலிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் ஆட்டிவைத்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டுமா?

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மின்கோ பையில் பனிட்சா என்ற சூடான பாலாடைக்கட்டிப் பலகாரத்துடன் அரங்கத்துக்குள் நுழைந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. நாடக நாளில் கம்ப்யூட்டர் சுமையோடு ஓடக் கூடாது என்ற நல்லெண்ணம். இந்த இனத்தார் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்வதில்லை. அதனால்தான் அவர்களைத் திட்டவும் முடிவதில்லை.

வாசலில் சீட்டு விற்கும் ஸ்தெல்கா அக்கா தன் சாளரத்துக்குள்ளிருந்து பார்த்தாள்.

“என்னடா மின்கோ, காலங்காத்தால?”

“சும்மாதான் அக்கா. மேல இருக்கிறதக் கொஞ்சம் லேசாக்கிட்டுப் போலாம்னு. உங்க கம்ப்யூட்டரையும் ஒரு பார்வ...”

“என் பெட்டில கை வெச்சே, விரல நறுக்கிடுவேன்.”

“அதுல எவ்ளோ குப்ப சேந்திருக்கு தெரியுமா அக்கா? நாலு வருஷக் குப்ப!”

“என் குப்ப. நான் வெச்சிக்கிறேன். நீ போ.”

மின்கோ அவளுக்காக உண்மையாகவே வருந்தியபடி படியேறினார். சிலர் அழுக்கிலேயே வாழ்ந்து அழுக்கிலேயே போய்விடுகிறார்கள்.

மேலே உட்கார்ந்தார். கண்ணாடி நெற்றிக்குப் போனது. ‘சு’ கேட்டது. அறுபத்தொரு சதவீதம்! பொதிகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னார். பெரியவற்றில் கை வைக்க அவர் முட்டாள் அல்ல; பெரியவை வேலை செய்பவை. அவர் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனார். அங்கே ஒன்று அவர் கண்ணில் பட்டது.

அதன் பெயர் ‘மேடைத் தொகுப்பு’. உள்ளே பார்த்தார். எதுவும் இல்லை. மறுபடி பார்த்தார். நிரல் இல்லை, படம் இல்லை, ஒலி இல்லை. வெறும் பெட்டி! பெயர் எழுதிய வெறும் பெட்டி, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சம்பளம் வாங்கும் அலுவலர் மாதிரி!

“இது எதுக்கு?” என்றார் மின்கோ, ஆளில்லாத அறையில், மிக இனிமையாக.

அது எதற்கு என்று நான் சொல்கிறேன். பெயர் நாளில் தோதோர் என்ன செய்கிறான்? சமைப்பது மனைவி, பாடுவது மச்சான், பரிமாறுவது மகள். தோதோர் மேசையின் தலைப்பக்கம் வெறுமனே உட்கார்ந்திருப்பான். ஆனால் அத்தனை பேரும் வந்திருப்பது அவன் பெயருக்காக. தோதோரை வெளியே அனுப்பிவிட்டு, “இங்க யாருக்கு இனி வேலை இல்லையோ அவங்க கெளம்பலாம்” என்று ஒரு குரல் கொடுங்கள், பார்க்கலாம். அக்கார்டியன் முதலில் எழுந்திருக்கும்.

மேடைத் தொகுப்பு அப்படிப்பட்ட தோதோர். அதற்குள் இருந்தது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும்: விளக்கை ஆட்டும் பொதி, ஒலிப் பொதி, அவை சாய்ந்து நிற்கும் பொதிகள், அவற்றின் சுற்றமும் நட்பும். அதை நீக்கியதும் பொதிக்காரன் தன் கடமையைச் செய்தான். “பின்வரும் 214 பொதிகள் வேறொன்றுக்காகத் தாமே வந்தவை. இனி இவை யாருக்கும் தேவையில்லை. வேண்டுமானால் நீக்கலாம்” என்று எழுதி, இருநூற்றுப் பதினான்கின் பெயரையும் ஒன்று விடாமல் அடுக்கினான்.

இருநூற்றுப் பதினான்கு! மின்கோ இவ்வளவு பெரிய அதிர்ஷ்டத்தை வாழ்நாளில் கண்டதில்லை. காளான் பறிக்கப் போனவன் ஒரு காளானைத் தூக்கினால் கீழே காளான் சுரங்கம்! பெயர்களைப் படித்தாரா? கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. சுண்டு விரல் பூனை கண் விழித்தது. ஆம். ஆம். ஆம். கையோடு, பொதிக்காரன் முன்பு தருவித்த பொதிகளைப் பத்திரமாக வைத்திருந்த கிடங்கையும் காலி செய்தார். இறக்கியாகிவிட்டது, மூட்டை எதற்கு?

நாற்பத்து மூன்று சதவீதம். மின்கோ பனிட்சாவை ஒரு கடி கடித்தார். அதைவிட ருசியான பனிட்சாவை அவர் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

ஒன்பதரைக்கு நெவேனா வந்தாள். பொம்மைகளைத் தொங்கவிட்டாள். விளக்குகளைச் சோதிக்கலாம் என்று கம்ப்யூட்டரின் முன் குனிந்தாள்.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“வெளக்குப் படம் எங்க?”

“எந்த வெளக்குப் படம்?”

“இங்க இருக்குமே, மஞ்சளா. அதத் தட்டினாத்தான் வெளக்கு எரியும்.”

“அது இங்கதான்...” மின்கோ கண்ணாடியை இறக்கினார். திரை பளிச்சென்று, பாத்திரம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. “எவ்ளோ வேகமா தொறக்குது பாத்தியாம்மா?”

“என்னத்தத் தொறக்குது?”

திறப்பதற்கு உண்மையில் எதுவும் இல்லை. அதனால்தான் அவ்வளவு வேகம்.

“அண்ணே,” என்றாள் நெவேனா, மெதுவாக. “பதினோரு மணிக்குப் புள்ளைங்க வருது. நீங்க என்ன பண்ணீங்க?”

“சுத்தம் பண்ணேன்.”

இங்கே ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? தலையில் அடித்துக்கொண்டு, எடுத்ததையெல்லாம் எடுத்தபடியே திரும்ப வைப்பான். மேடைத் தொகுப்பைக் கேட்டால் பொதிக்காரன் மொத்தத்தையும் அவனே கொண்டுவந்து இறக்கியிருப்பான். ஆனால் இந்த இனத்தாரிடம் அந்தத் தன்மை கிடையாது. தப்பு செய்ததை அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தூக்கி எறிந்தது எல்லாமே தேவைதான் என்பதை மட்டும் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

“இருநூத்திப் பதினாலும் எதுக்கும்மா? வெளக்குக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு. ரெண்டே ரெண்டு போட்டுத் தரேன். முன்னவிட நல்லா ஓடும்.”

விளக்குப் பொதியைத் தேடினார். அடுத்த லினக்ஸ் பதிப்புக்காக இணையத்தில் வைத்திருக்கும் பொதிக் களஞ்சியத்தில் அதே பொதி நாலு மெகாபைட் சிறியதாக இருந்தது. நாலு மெகாபைட்! நம் கம்ப்யூட்டரின் பதிப்பு வேறு, அந்தக் களஞ்சியம் வேறு. இரண்டையும் கலப்பது டிராக்டருக்குத் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை மாட்டுவது போல. ஆனால் நாலு மெகாபைட் அல்லவா! அந்தக் களஞ்சியத்தின் முகவரியைப் பொதிக்காரனிடம் கொடுத்தார். “இதற்குத் தேவையான ஒலிப் பொதி இல்லையே” என்றான் அவன். “வற்புறுத்து” என்று கட்டளையிட்டார். “இது வந்தால் அது உடையும்” என்றான். “வற்புறுத்து.” பொதிக்காரன் பெருமூச்சு விட்டு, செய்தான்.

விளக்குப் படம் வந்தது. மஞ்சளாக, அழகாக வந்தது. நெவேனா அதைத் தட்டினாள். அது ஒரு கணம் மின்னி மறைந்தது.

அடுத்து மின்கோ எதைக் கேட்டாலும் பொதிக்காரன் ஒரே பதில் சொன்னான்: “உடைந்த சார்புகள் இருக்கின்றன, சாய்ந்து நிற்க வேண்டியவை இல்லை. அவற்றைச் சரிசெய்யாமல் நான் எதையும் தொட மாட்டேன்.” கழுதைக்கு இருக்கும் கௌரவம் அவனுக்கும் உண்டு. சரிசெய்யச் சொன்னார். அதற்கு இருநூற்றுச் சொச்சம் பொதிகளைத் தருவிக்க வேண்டுமாம். அரங்கத்தின் இணைய இணைப்போ பக்கத்துப் பனிட்சாக் கடையிலிருந்து ஓசியில் வாங்கியது. கடைக்காரர் மைக்ரோவேவைப் போடும்போதெல்லாம் அறுந்து அறுந்து வரும். தருவித்து முடிக்க மீதமுள்ள நேரம் என்று திரை காட்டியது: மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

மணி பத்து ஐந்து.

நெவேனா அழவில்லை. அழுதிருந்தால் மின்கோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“அது கெடக்கு. வழக்கமா வர்ற பொலம்பல்.”

“படிங்கண்ணே.”

“எதுக்கும்மா? எப்பவும் ஒரே...”

“நான் படிக்கிறேன், தள்ளுங்க.”

அவள் படித்தாள். நாடகப் பிரதியைப் படிக்கிற மாதிரி, உரக்க, ஒவ்வொரு வரியையும் அதன் தொனியோடு படித்தாள். விளக்குப் பொதி ஒலிப் பொதியின் ஆறாம் பதிப்பைக் கேட்கிறது. இந்தக் கம்ப்யூட்டரின் களஞ்சியத்தில் கிடைப்பதோ ஐந்தாம் பதிப்பு. ஆறு வேண்டுமென்றால் அடித்தளப் பொதியை மாற்ற வேண்டும். அதை மாற்றினால் மற்ற எல்லாம் உடையும். படிக்கப் படிக்க மின்கோவின் காது சிவந்தது. பதினோரு ஆண்டுகளாக இந்தப் பொதிக்காரன் தன்னிடம் திக்காமல், திட்டாமல், தெள்ளத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்! அவர் புலம்பல் என்று நினைத்தது முழுக்க வழி சொன்ன குறிப்புகள்.

“அப்ப இந்தப் புதுசு போகணும்,” என்றாள் நெவேனா. “பழசு வரணும். சரிதானே?”

“சரிதான். ஆனா பழசு என்னென்னன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“உங்க ஆளு எழுதி வெக்க மாட்டானா? எங்க மேடை மேனேஜரே எந்தப் பொம்ம எந்தக் கொக்கில இருந்துச்சின்னு எழுதி வெப்பாரு.”

மின்கோ தொண்டையைச் செருமினார். “ஒரு குறிப்பேடு இருக்கு. எடுத்தது போட்டது எல்லாம் தேதி மணியோட எழுதும். நான் மாசா மாசம் அதையும்...”

“அண்ணே!”

“இன்னைக்கி எழுதினது இருக்கும்! இன்னும் தொடக்கல!”

இருந்தது. காலை எட்டு நாற்பத்தேழு: நீக்கப்பட்டவை. அப்புறம் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள், பதிப்பு எண்ணோடு. பட்டியல் கிடைத்தது, பொதிகள் எங்கே? கிடங்கைத்தான் துடைத்தாகிவிட்டதே. வைஃபையை நம்பினால் பிள்ளைகள் பாலர் பள்ளி முடித்து ராணுவத்துக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மின்கோவுக்கு நினைவு வந்தது. அரங்கத்தின் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே நாளில் எழுப்பியவர் அவர். நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டிலும் ஒரே தொகுப்பை இறக்கியிருந்தார். சீட்டு விற்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் மேடை விளக்குகளை இணைக்கும் சொருகுமுனை இல்லை, ஆகவே அதை மேலே தூக்கி வருவதில் பயனில்லை. ஆனால் அதன் கிடங்கு! நான்கு ஆண்டுகளாக யாரும் துடைக்காத கிடங்கு!

அவர் படிகளில் இறங்கிய விதத்தை இறங்கியது என்று சொல்ல முடியாது.

“அக்கா! ஸ்தெல்கா அக்கா! உங்க குப்ப வேணும்!”

ஸ்தெல்கா அக்கா தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். சாளரத்துக்கு வெளியே முதல் பள்ளியின் வரிசை வந்து நின்றுவிட்டது. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தன.

“எதுக்கு?” என்றாள் அவள்.

வாழ்நாளில் முதன்முறையாக யாரோ மின்கோவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்! “அக்கா... நெவேனா... வெளக்கு... ஓநாய்...”

“காலைல குப்பன்னியே?”

“குப்ப இல்ல அக்கா. பொக்கிஷம்.”

“இன்னொரு தடவ சொல்லு. அந்த டீச்சருக்குக் கேக்கிற மாதிரி.”

“பொக்கிஷம்!” என்று கத்தினார் மின்கோ. பிள்ளைகள் கை தட்டின. நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டன.

“உள்ள வா. ஆனா எடுத்துட்டுப் போகக் கூடாது. பாத்து எழுதிக்கோ.”

“பிரதி எடுத்துக்கிறேன் அக்கா, உங்களுது உங்ககிட்டயே இருக்கும்.”

“கைய மேசைக்கு மேல வெச்சிட்டு எடு.”

பத்து முப்பத்தெட்டுக்கு மின்கோ பென்டிரைவைப் பறவைக் குஞ்சு போல இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஓடி வந்தார். பொதிகளைக் கிடங்கில் இறக்கினார். கட்டளையைத் தட்டினார். சுண்டு விரல் பழக்கப்பட்ட இடத்துக்குப் போய்ப் படுத்தது.

நெவேனா அந்த விரலைப் பிடித்துத் தூக்கினாள்.

“ஒத்திகை பாத்தீங்களா?”

“என்ன ஒத்திகை?”

“நாங்க எந்தப் பொம்மையையும் ஒத்திகை இல்லாம மேடையேத்த மாட்டோம். உங்க ஆளுக்கு ஒத்திகையே கிடையாதா?”

மின்கோ தலை குனிந்தார். “இருக்கு. செய்யாம, செஞ்சா என்ன ஆகும்னு மட்டும் சொல்லுன்னு கேக்கலாம்.”

“கேட்டிருக்கீங்களா?”

“ஒரே வேலைய ரெண்டு தடவ எதுக்குச் செய்யணும்னு...”

அவள் பார்த்த பார்வையில் அவர் ஒத்திகைக்கான கட்டளையைத் தட்டினார். பொதிக்காரன், எதையும் தொடாமல், நடக்கப் போவதை வரி வரியாக ஒப்பித்தான். மின்கோ கண்ணாடியை மூக்கின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு படித்தார். நெவேனா தோளுக்கு மேலிருந்து படித்தாள். முப்பதாவது வரியில் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ‘தவிர்க்கப்படுபவை: ஒலிப் பொதி.’

“ஊளை போயிடும்!” என்றாள் நெவேனா.

“ஆமா. ஏன்னா...” மின்கோ மேலே தேடினார். “நான் குடுத்த அந்த அடுத்த பதிப்புக் களஞ்சியம் இன்னும் பட்டியல்ல இருக்கு. புதுச எங்க பாத்தாலும் அதத்தான் எடுக்கப் பாக்கிறான்.”

“அந்த முகவரிய எடுத்துடுங்க.”

எடுத்தார். தன் வாழ்விலேயே உருப்படியாக அவர் நீக்கிய முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். புதுப் பதிப்பு விளக்குப் பொதியையும் வெளியே அனுப்பச் சொன்னார். களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்தார். பட்டியல் சின்னது, மைக்ரோவேவ் ஓடினாலும் வந்து சேர்ந்தது. இரண்டாம் ஒத்திகை: வருபவை இருநூற்றுப் பதினைந்து, தோதோரையும் சேர்த்து. போவது அந்த ஒன்று மட்டும். உடைபவை இல்லை. தருவிக்க வேண்டியவை பூஜ்யம்.

“தொடரலாமா?” என்றான் பொதிக்காரன்.

மின்கோ நெவேனாவைப் பார்த்தார். நெவேனா இன்னொரு தடவை முழுவதையும் படித்தாள். கீழே நூற்று அறுபது பிள்ளைகளும் காலால் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தன. அரங்கம் மொத்தமும் ரயில் போல் அதிர்ந்தது. பத்து ஐம்பத்தொன்று.

“ம்,” என்றாள்.

ஆம்.

பொதிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மச்சான் வந்தான், மனைவி வந்தாள், தம்பி வந்தான். மஞ்சள் படம் வந்தது. நெவேனா அதைத் தட்டினாள். மேடையில் நீல விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கிக்குள்ளிருந்து, எங்கோ தொலைவில் இருப்பது போல, ஓர் ஓநாய் ஊளையிட்டது. கீழே நூற்று அறுபது பிள்ளைகளும் பதிலுக்கு ஊளையிட்டன.

பதினொன்று நான்குக்குத் திரை விலகியது.

ஓநாய் தன் நிழலைத் தேடிக் காடு முழுக்க அலைந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது, நிலவிடம் சண்டை போட்டது, கடைசியில் தன் காலடியிலேயே கண்டுபிடித்தது. ஒரு பிள்ளை எழுந்து நின்று, “கீழ பாரு, முட்டாள் ஓநாயே!” என்று கத்தியது. இயக்குநர் பின் வரிசையில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பன்றிக்குட்டிகள் இனி வரப்போவதில்லை என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்துவிட்டது. ஸ்தெல்கா அக்கா சாளரத்தைப் பூட்டிவிட்டு வந்து, கதவோரம் நின்று, ஊளை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இடித்தாள்: “என் பெட்டிலேர்ந்து போனது.”

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கட்டிப்பிடிப்பும் ஆரவாரமுமாக இருந்தது. நெவேனா மின்கோவையும் கட்டிப்பிடித்தாள். அவர்தான் உடைத்தவர் என்பதை அந்த மகிழ்ச்சியில் மறந்தே போனாள். மின்கோ நெகிழ்ந்து போனார். கண் கலங்கினார். இனிமேல் எல்லா வரிகளையும் படிப்பேன், ஒத்திகை பார்க்காமல் விரலைத் தூக்கமாட்டேன், வேற்றுக் களஞ்சியத்தை வாசல்படி மிதிக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மனதாரக் கொடுத்தார்.

பிறகு கண்ணைத் துடைக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எதிரே ஓநாய் பொம்மை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கயிறுகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். மெதுவாகச் ‘சு’க் கொட்டினார்.

“ஏம்மா நெவேனா. ஒரு ஓநாய்க்குப் பதினோரு கயிறா?”

நெவேனா துரத்திய துரத்தலில் அவர் ஆற்றுப் பாலம் தாண்டித்தான் நின்றார் என்று ஸ்தெல்கா அக்கா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, காலுக்கு நான்கு என்று உங்கள் மனம் ஓரமாக ஒரு கணக்குப் போட்டதா இல்லையா? ஆறு, கூடிப்போனால் ஏழு போதுமே என்று தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், அன்பரே, இப்போது உங்கள் சுண்டு விரல் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.